ரீலுக்கு 20 லட்சம் பேர், ஹால்ல பாதி சீட் காலி

கேள்வி:

வணக்கம் சார். நான் 11 வருஷமா ஸ்டேஜ்ல மேஜிக் பண்றேன். ஒன்றரை மணி நேர ஷோ, பெட்டி ஐட்டம் நாலு, மைண்ட் ரீடிங் கொஞ்சம், மீதி எல்லாம் ஆடியன்ஸை மேல கூப்பிட்டு பண்றது. என் தங்கச்சி தான் அசிஸ்டென்ட். போன வருஷம் ஒரு ஷோல எடுத்த க்ளிப்பை ரீலா போட்டேன். ஒரு அம்மா கிட்ட மோதிரத்தை வாங்கி மறைய வச்சு, அது அவங்க பையனோட ஷூ லேஸ்ல கட்டியிருக்குற மாதிரி, 40 செகண்ட் தான். 20 லட்சம் வியூஸ் போயிடுச்சு. 900 ஃபாலோயர்ஸ் 40 ஆயிரம் ஆச்சு. இனிமே ஹால் தானா நிறையும்னு நெனச்சேன். அஞ்சு மாசம் கழிச்சு ஷோ போட்டோம், ரெண்டு வாரம் முன்னாடி போஸ்டர் போட்டேன், பாதி சீட் காலி. வந்தவங்களும் அந்த மோதிரத்தை பண்ணுங்கன்னு தான் கேட்டாங்க. கமெண்ட்ல பாதி பேர் எடிட்னு சொல்றாங்க, மீதி பேர் அந்த அம்மா செட்டப் ஆளுன்னு சொல்றாங்க. ஒருத்தர் என் க்ளிப்பையே பாதி ஸ்க்ரீன்ல ஓட விட்டு ட்ரிக்கை விளக்கி வீடியோ போட்டுட்டார், அது என்னோடதை விட அதிகமா ஓடுது. ஆர்கனைசருங்க இப்போ ஷோ வீடியோ கேக்குறதே இல்ல, ஃபாலோயர்ஸ் எத்தனைன்னு தான் கேக்குறாங்க. ஒரு ஏஜென்சி ஒரு லட்சம் ஃபாலோயர்ஸ் ஏத்தித் தர்றேங்குது. வாங்கலாமா? இல்ல ஸ்டேஜை விட்டுட்டு முழு நேரமும் ரீல் பண்ற ஆளா மாறிடலாமா? தங்கச்சி வர்ற வீடியோக்கு கீழ அசிங்கமா கமெண்ட் வருது, அவளை இனிமே வீடியோல காட்டாம விட்டுடலாமான்னும் யோசிக்கிறேன்.

பதில்:

தம்பி, ரெண்டுக்கு உடனே பதில் சொல்லிடறேன். ஸ்டேஜை விடாதீங்க. ஏஜென்சிக்கு காசு குடுக்காதீங்க. காரணம் கீழ வருது. ஆனா உங்க லெட்டர்ல என்னை நிறுத்தினது இது ரெண்டும் இல்ல, அந்த 'அஞ்சு மாசம் கழிச்சு'ங்கற ஒரு வார்த்தை தான். 20 லட்சம் தடவை ஓடின அந்த வாரத்துல உங்க பேஜுக்கு வந்து பாத்தவன் கையில வாங்கறதுக்கு என்ன இருந்துச்சு? ஷோ தேதி இல்ல, டிக்கெட் லிங்க் இல்ல, பேரை எழுதி வச்சுட்டு போங்க அப்புறம் சொல்றேன்னு ஒரு இடம் கூட இல்ல. அவன் ஒரு லைக் போட்டான், ஃபாலோ பண்ணான், அடுத்த ரீலுக்கு போயிட்டான். அஞ்சு மாசம் கழிச்சு நீங்க போட்ட போஸ்டர் அவன் கண்ணுலயே பட்டிருக்காது, ஏன்னா நீங்க போடுற ஒவ்வொரு போஸ்ட்டையும் ஃபாலோயர்ஸ் எல்லாருக்கும் இன்ஸ்டாகிராம் காட்டறதில்ல, அதுலயும் போஸ்டர் படம்னா இன்னும் கம்மி பேருக்கு தான் போகும்.

உங்க தொழில்லயே இதுக்கு ஒரு கதை இருக்கு, உங்களுக்கு தெரிஞ்சே இருக்கும், ஆனா இந்த கோணத்துல யோசிச்சிருக்க மாட்டீங்க. 1956 ஏப்ரல் 9, பிபிசில பனோரமா நிகழ்ச்சி, லைவ். நம்ம வங்காளத்து மேஜிக் கலைஞர் பி.சி. சர்க்கார் ஒரு பொண்ணை மேஜைல படுக்க வச்சு மின்சார ரம்பத்தால அறுக்கறார். அறுத்து முடிச்சுட்டு எழுப்புறார், அந்த பொண்ணு எழுந்திரிக்கல. முகத்து மேல கறுப்புத் துணியை போடுறார். உடனே தொகுப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி கேமரா முன்னாடி வந்து நிகழ்ச்சி முடிஞ்சதுன்னு சொல்லி முடிச்சுட்டார். வீட்ல உக்காந்து பாத்தவங்க டிவிலயே ஒரு கொலை நடந்துடுச்சுன்னு பதறி பிபிசிக்கு போன் மேல போன் போட்டாங்க. நேரம் முடிஞ்சதால நிறுத்தினோம்னு விளக்கம் குடுத்தாங்க. சர்க்கார் கணக்கு போட்டு தான் அப்படி நேரத்தை இழுத்தார்னு மேஜிக்காரங்க இன்னிக்கும் சொல்லிக்கிறாங்க, நானும் அதைத் தான் நம்புறேன். ஆனா நீங்க பாக்க வேண்டியது அந்த ரம்பத்தை இல்ல. லண்டன்ல ட்யூக் ஆஃப் யார்க்ஸ் தியேட்டர்ல அவரோட ஷோ அதுக்கு முன்னாடியே ஏற்பாடாகி இருந்துச்சு. பதறினவன், ஆச்சரியப்பட்டவன், திட்டினவன், எல்லாருக்கும் போறதுக்கு ஒரு இடம் ரெடியா இருந்துச்சு, டிக்கெட் வித்துத் தீந்துடுச்சு. அதே ஐட்டத்தை அவர் அஞ்சு மாசம் முன்னாடி டிவில பண்ணிட்டு அப்புறம் தியேட்டர் தேடியிருந்தா உங்க நிலைமை தான் அவருக்கும்.

அதனால மொத வேலை, தேதி. இனிமே நீங்க நல்ல க்ளிப்னு நினைக்கிற எதையும் ஷோ தேதி கையில இல்லாம போடாதீங்க. ஆறு வாரம் கழிச்சு ஒரு தேதி, அது சின்ன ஹாலா இருந்தாலும் பரவால்ல, 150 சீட் ஹால் நிறைஞ்சு வழியறது 600 சீட் ஹால் பாதி காலியா இருக்கறதை விட உங்களுக்கு நூறு மடங்கு நல்லது, வீடியோலயும் நல்லா தெரியும். தேதி வந்ததும் பயோல லிங்க், அப்புறம் தான் ரீல். சரி, எந்த க்ளிப் எப்போ ஓடும்னு நமக்கு எப்படி தெரியும், திடீர்னு பழசு ஒண்ணு ஓட ஆரம்பிச்சா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. அதுக்கு தான் பேர் எழுதுற இடம் வேணும். 'உங்க ஊருக்கு வந்தா சொல்லணுமா'ன்னு ஒரு சின்ன ஃபார்ம், பேர், ஊர், இமெயில் இல்லன்னா வாட்ஸ்அப் நம்பர், அவ்வளவு தான். ஷோ முடிஞ்சு வெளிய போற வாசல்லயும் அதே ஃபார்மோட க்யூஆர் கோட். இந்த லிஸ்ட் தான் உங்க சொத்து, 40 ஆயிரம் இல்ல. அக்கவுண்ட் நாளைக்கு ஹேக் ஆகலாம், ஆப்பே காணாம போகலாம். வைன்னு ஒரு ஆப் இருந்துச்சு, ஆறு செகண்ட் வீடியோ, அதுல பெரிய ஸ்டாரா இருந்தவங்க எத்தனையோ பேர், 2017 ஜனவரில மூடிட்டாங்க. 2020 ஜூன் 29 ராத்திரி இந்தியால டிக்டாக்கை தடை பண்ணாங்க, லட்சக்கணக்குல ஃபாலோயர்ஸ் வச்சிருந்தவங்க மறுநாள்ல இருந்து பூஜ்யத்துல தொடங்கினாங்க. லிஸ்ட்ல 800 பேர் இருந்தாலும் அவங்களுக்கு நீங்க அனுப்புற மெசேஜ் நேரா போய் சேரும், நடுவுல எந்த அல்காரிதமும் உக்காந்து இது வேணாம்னு முடிவு பண்ணாது.

இப்போ எதை ரீலா போடறது, எதை ஹாலுக்குள்ள வச்சுக்கறதுன்னு பாப்போம், எனக்கு இதுல தான் அதிகம் பேசணும்னு இருக்கு. கட்டு, பூட்டு எல்லாத்துல இருந்தும் தப்பிச்சு காட்டுற ஹூடினி என்ன பண்ணாரு? 1915 வாக்குல இருந்து, போற ஊர்ல எல்லாம் உயரமான பில்டிங்ல தலைகீழா தொங்கிட்டு, பைத்தியக்கார ஆஸ்பத்திரில போடுற அந்த கட்டுச் சட்டையை கழட்டிட்டு வருவாரு. பட்டப்பகல்ல, தெருவுல, இலவசமா. பெரும்பாலும் பத்திரிகை ஆபீஸ் பில்டிங்கையே தேர்ந்தெடுப்பாரு, தன் வாசல்லயே ஆயிரக்கணக்குல கூட்டம் கூடினா எந்த எடிட்டர் அதை மொத பக்கத்துல போடாம இருப்பான். ஆனா கண்ணாடி தண்ணித் தொட்டிக்குள்ள தலைகீழா பூட்டி வைக்கிற ஐட்டம் இருக்கே, அதை தெருவுல காட்டல. அதுக்கு சாயங்காலம் டிக்கெட் வாங்கிட்டு உள்ள வரணும். தெருவுல பாத்ததும் மட்டமான சரக்கு இல்ல, உயிரை பணயம் வைக்கிற ஐட்டம் தான். ஆனா அது ஒரே பார்வைல புரியும், கதை வேணாம், லைட் வேணாம், தொங்குறான், கழட்டுறான், கை தட்டுங்க. உங்க ரீல் அந்த தெரு. உங்க பெட்டி ஐட்டம் நாலும் அந்த தண்ணித் தொட்டி.

பெட்டி ஐட்டத்தை போன்ல போட்டா என்ன ஆகும்னு நீங்களே பாத்திருப்பீங்க. ஸ்டேஜ்ல எட்டடி பெட்டி, லைட், மியூசிக், தங்கச்சி உள்ள போறது, எல்லாம் சேந்து மூச்சு நிக்கும். செங்குத்தா பிடிச்ச போன் ஸ்க்ரீன்ல அதே பெட்டி தீப்பெட்டி சைஸ்ல இருக்கும், பாக்கறவன் கட்டை விரல் ரெண்டாவது செகண்ட்லயே தள்ளிடும். மோதிரம் ஏன் ஓடுச்சு? கடன் வாங்கின பொருள், அந்த அம்மா முகம், பையன் குனிஞ்சு ஷூவை பாத்துட்டு கத்தின கத்து. நீங்க அந்த க்ளிப்ல கிட்டத்தட்ட ஒண்ணுமே பண்ணல, ஓடினது அந்த பையனோட சத்தம். இதை பாராட்டா எடுத்துக்கோங்க. 'நான் அந்த ரூம்ல இருந்திருக்கணும்'னு பாக்கறவனுக்கு தோணுச்சுன்னா அது டிக்கெட் விக்கிற க்ளிப். 'ஆமா எப்படி பண்ணான்'னு மட்டும் தோணுச்சுன்னா அவன் நிறுத்தி நிறுத்தி பாப்பான், பத்து தடவை திருப்பி ஓட்டுவான், அப்புறம் கமெண்ட்ல வந்து வாத்தியார் வேலை பாப்பான். ஸ்டேஜ் மேஜிக் ஒரு தடவை பாக்கறதுக்கு செஞ்சது, ரீல் தானா திரும்பத் திரும்ப சுத்துறது. அதனால கை வேலையை நம்பி இருக்குற ஐட்டங்களை போடாதீங்க, ஆள் முகத்தை நம்பி இருக்குறதை போடுங்க. மைண்ட் ரீடிங் பக்கம் உங்ககிட்ட சரக்கு இருக்குன்னு எழுதியிருக்கீங்க, அது போனுக்கு நல்லா செட் ஆகும், ஏன்னா அதுல கேமரா பிடிக்கிற அளவுக்கு கையில எதுவுமே நடக்காது.

எடிட்னு சொல்றவங்களை பத்தி. இது உங்க மேல இருக்கற கோவம் இல்ல. ஸாக் கிங் மாதிரி ஆளுங்க எடிட்டையே மேஜிக்கா வச்சு உலகம் பூரா பேர் வாங்கினாங்க, அவர் அதை மறைச்சதும் இல்ல, அது தனி கலை, எனக்கு ரொம்ப பிடிக்கும். ஆனா அதை பாத்து வளந்தவன் கண்ணுக்கு ஸ்க்ரீன்ல வர்ற எல்லா மேஜிக்கும் எடிட் தான், அவனை கமெண்ட்ல சண்டை போட்டு மாத்த முடியாது. ஒரே டேக்ல எடுங்க, நடுவுல கட் பண்ணாதீங்க, ஜூம் கூட பண்ணாதீங்க. ஆடியன்ஸ் தலைங்க ஃப்ரேம்ல தெரியணும், அவங்க சத்தத்துக்கு தனியா ஒரு மைக் வைங்க, உங்க மைக் சவுண்ட் மட்டும் வந்தா அந்த ஹால் செத்த மாதிரி இருக்கும். கை ஃப்ரேமோட கீழ்ப்பக்கம் வரக்கூடாது, அங்க தான் கேப்ஷனும் பேரும் வந்து மூடும், வலது ஓரத்துல பட்டன் எல்லாம் வரிசையா நிக்கும், இதை பாக்காம நல்ல நல்ல ஐட்டம் எல்லாம் லைக் பட்டனுக்கு பின்னாடி நடக்குறதை நான் எத்தனையோ பாத்திருக்கேன். 'எடிட்'னு வர்ற கமெண்ட்டுக்கு ஒரே பதில், ஷோ தேதியும் மொத வரிசை சீட் இருக்குங்கறதும். நேர்ல வந்து பாருங்கன்னு சொல்றதுக்கு இதை விட நல்ல சாக்கு கிடைக்காது.

ஷூட் பண்றதுக்குன்னு தனியா நாள் ஒதுக்காதீங்க. ஒவ்வொரு ஷோலயும் ஒரு கேமரா ட்ரைபாட்ல நின்னுகிட்டே இருக்கட்டும், ஒன்றரை மணி நேரத்துல ஒரு நல்ல 40 செகண்ட் கிடைச்சா போதும். ஆடியன்ஸ் போன் எடுக்கறதையும் நீங்களே கன்ட்ரோல் பண்ணுங்க. வெளிநாட்டுல சில பெரிய காமெடியன்ஸ் யோண்டர்னு ஒரு கம்பெனியோட பை வச்சு எல்லார் போனையும் வாசல்லயே பூட்டிடறாங்க, நமக்கு அந்த அளவுக்கு வேணாம். ஷோ ஆரம்பத்துலயே சொல்லிடுங்க, ஒரே ஒரு ஐட்டத்துக்கு போன் எடுக்கலாம், எப்போன்னு நான் சொல்றேன்னு. அந்த ஒண்ணை எந்த பக்கத்துல இருந்து எடுத்தாலும் மாட்டிக்காத ஐட்டமா வச்சுக்கோங்க. இருநூறு பேர் எடுப்பாங்க, உங்களை டேக் பண்ணி போடுவாங்க, மீதி ஷோ பத்திரமா இருக்கும். மேல கூப்பிடுற ஆள் கிட்ட இறங்கினப்புறம் வீடியோ போடலாமான்னு ஒரு வார்த்தை கேளுங்க, குழந்தைன்னா பெத்தவங்க கிட்ட கேட்டே ஆகணும், செட்டப் ஆளுன்னு கமெண்ட் வர்றதை அந்த அம்மாவும் படிப்பாங்க இல்லையா. மியூசிக் இன்னொரு தலைவலி. ஹால்ல ஓட்டுற சினிமா பாட்டோட யூட்யூப்ல போட்டா அடுத்தவங்க பாட்டை தானா கண்டுபிடிக்கிற கன்டென்ட் ஐடி சிஸ்டம் பிடிக்கும், விளம்பரக் காசு பாட்டுக்காரருக்கு போகும், இல்லன்னா வீடியோவே மூடிக்கும். இன்ஸ்டாகிராம்ல பிசினஸ் அக்கவுண்ட்டுக்கு பாட்டு லைப்ரரி ரொம்ப கம்மி. பின்னணிக்கு சொந்தமா ஒருத்தர் கிட்ட வாசிச்சு வாங்கி எழுத்துல ஒப்பந்தம் போட்டுக்கோங்க, ஒரு தடவை செலவு தான்.

அடுத்தது அந்த விளக்க வீடியோ. கோவம் வரும், நியாயம் தான். ஆனா சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுகிட்டு கோவப்படுங்க. ட்ரிக்கோட ரகசியத்துக்கு காப்பிரைட் கிடையாது, நீங்க அதை செஞ்சு காட்டுற விதத்துக்கும் நீங்க எடுத்த வீடியோவுக்கும் உண்டு. டெல்லர்ங்கறவர், பென் அண்ட் டெல்லர்ங்கற அமெரிக்க மேஜிக் ஜோடில பேசாம நிப்பாரே அவர் தான், ரோஜாப்பூவோட நிழலை கத்தியால வெட்டினா நிஜ பூவோட இதழ் உதிர்ற மாதிரி ஒரு ஐட்டம் பண்ணுவாரு, அதை 1983-லயே மௌன நாடகமா காப்பிரைட் பதிவு பண்ணி வச்சிருந்தாரு. ஐரோப்பால ஒருத்தர் அதே மாதிரி பண்ணி யூட்யூப்ல போட்டு ரகசியத்தை விக்கிறேன்னு சொன்னப்போ கேஸ் போட்டாரு, 2014-ல அமெரிக்கால நெவாடா கோர்ட் டெல்லர் பக்கம் தீர்ப்பு சொல்லிச்சு. ஆனா ஜெயிச்சது அந்த காட்சிக்கு, நிழல் எப்படி வெட்டுப்படுதுங்கற ரகசியத்துக்கு இல்ல. இதுக்கு நேர் எதிர் கதையும் இருக்கு. ஹோரஸ் கோல்டின்னு ஒரு மேஜிக்காரர் பொண்ணை ரெண்டா அறுக்குற ஐட்டத்துக்கு 1923-ல பேடன்ட் வாங்கினாரு. பேடன்ட்னா ரகசியத்தை முழுசா எழுதி குடுக்கணும், யார் வேணா படிக்கலாம். பத்து வருஷம் கழிச்சு ஒரு சிகரெட் கம்பெனி அதை விளம்பரத்துல போட்டு உடைச்சிடுச்சு, கோல்டின் கோர்ட்டுக்கு போனாரு, 1938-ல தோத்தாரு.

உங்க விஷயத்துல, அந்த ஆள் உங்க க்ளிப்பையே பாதி ஸ்க்ரீன்ல ஓட விட்டிருக்காரு இல்லையா, அதுக்கு காப்பிரைட் ரிப்போர்ட் போட வழி இருக்கு. ஆனா உடனே போயிடும்னு நம்பி இருக்காதீங்க, விமர்சனம் பண்றதுக்கு தான் எடுத்தேன்னு அவர் எதிர்ப்பு தெரிவிக்கலாம், அப்படி வந்தா மேல போறதா வேணாமான்னு ஒரு வக்கீல் கிட்ட கேட்டுக்கோங்க. உங்க க்ளிப்பை எடுக்காம வெறும் வாயால விளக்கியிருந்தா விட்டுடுங்க. பதில் வீடியோ மட்டும் போடாதீங்க, உங்க ஃபாலோயர்ஸை நீங்களே அங்க அனுப்பி வைக்கிற மாதிரி ஆகும். அப்புறம் ஒண்ணு யோசிங்க. அறுக்குற ஐட்டம் மேடை ஏறினது 1921-ல, விளம்பரத்துலயே வெளிய வந்தது முப்பதுகள்ல. அதுக்கெல்லாம் அப்புறம் 1956-ல சர்க்கார் அதே அறுக்குற வேலையை வேற மாதிரி செஞ்சு தானே அத்தனை பேரை போன் எடுக்க வச்சாரு? எனக்கு தெரியும்னு நெனச்சு உக்காந்திருக்குறவன் தான் இருக்கறதுலயே சுலபமா ஏமாறுவான், அவன் எங்க பாப்பான்னு உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். பென்னும் டெல்லரும் கப்பும் பந்தும் ஐட்டத்தை கண்ணாடி மாதிரி தெரியற கப் வச்சே பண்ணுவாங்க, எல்லாம் கண்ணுக்கு தெரியும், அப்பவும் கை வேகத்துல மண்டை காயும்.

அந்த வழியில மோதிரத்தையும் மாத்துங்க. அதை கேட்டு வர்றவங்க மேல சலிச்சுக்காதீங்க, ஒரு ஐட்டத்தை பேர் சொல்லி கேக்குற ஆடியன்ஸ் கிடைக்க பத்து வருஷம் தவம் கிடக்குறவங்க இருக்காங்க. ஷோவோட நடுவுல வைங்க, மொதல்ல வச்சா மீதிக்கு ஆர்வம் இருக்காது, கடைசில வச்சா அதுக்காகவே பொறுமை இல்லாம உக்காந்திருப்பாங்க. எல்லாரும் ஷூவையே பாக்கட்டும், நீங்களும் ஷூவை காட்டுங்க, அங்க இருக்கக்கூடாது. எங்க இருக்கணுங்கறது உங்க வேலை.

முழு நேரமும் ரீல் பண்ற ஆளா மாறலாமான்னு கேட்டீங்க. கணக்கை பாருங்க. யூட்யூப்ல விளம்பரப் பங்கு வரணும்னா 1,000 சப்ஸ்கிரைபர்ஸ் வேணும், கூடவே 12 மாசத்துல 4,000 மணி நேரம் பாத்திருக்கணும், இல்லன்னா ஷார்ட்ஸ்ல 90 நாள்ல 1 கோடி வியூஸ். பெரிய வீடியோன்னா விளம்பர வருமானத்துல 55 சதவீதம் உங்களுக்கு, ஷார்ட்ஸ்னா பொதுவா சேர்ற பணத்துல உங்களுக்கு ஒதுக்குற பங்குல 45 சதவீதம், கேக்க நல்லா இருக்கும், கையில வர்றப்போ பாருங்க. வியூஸ்ங்கற சொல்லையே நம்பாதீங்க, 2025 மார்ச் 31-ல இருந்து ஷார்ட்ஸ் ஓட ஆரம்பிச்சாலே ஒரு வியூன்னு எண்றாங்க, எத்தனை செகண்ட் பாத்தாங்கங்கற கணக்கே இல்ல. உங்க 20 லட்சம் வியூஸ்ல உங்களுக்கு நேரா வந்த காசு எவ்வளவுன்னு நீங்க எழுதல, நான் கேக்கவும் இல்ல, எனக்கு பதில் தெரியும்னு நினைக்கிறேன்.

ஆனா காசை விட பெரிய காரணம் உங்க ஒன்றரை மணி நேரம். ஜெஃப் டன்ஹாம்னு பொம்மையை பேச வைக்கிற கலைஞர், சின்ன வயசுல இருந்தே பொம்மையும் கையுமா திரிஞ்ச ஆள், 1990-லயே அமெரிக்கால பெரிய டிவி ஷோல வந்துட்டாரு. அவரோட எலும்புக்கூடு பொம்மை க்ளிப் யூட்யூப்ல தீயா பரவினது 2007-க்கு அப்புறம் தான். அந்த க்ளிப் பாத்துட்டு வந்த கூட்டத்துக்கு காட்டறதுக்கு அவர்கிட்ட முழு ஷோ ரெடியா இருந்துச்சு, அதனால தான் ஸ்டேடியம் மாதிரி பெரிய அரங்கத்துக்கெல்லாம் போனாரு. சீட்டுக்கட்டு மேஜிக் பண்ற ஷின் லிமை எடுத்துக்கோங்க, 2015-ல, ட்ரிக்கை கண்டுபிடிக்க முடியுமான்னு பென் அண்ட் டெல்லருக்கே சவால் விடுற டிவி ஷோல அவங்களை ஏமாத்தின அந்த க்ளிப் சின்ன துணுக்கு இல்ல, அஞ்சாறு நிமிஷ முழு ஐட்டம், அது தான் உலகம் பூரா சுத்துச்சு. 2018-ல அமெரிக்காஸ் காட் டேலன்ட் ஜெயிச்சாரு, அப்புறம் லாஸ் வேகாஸ்ல சொந்த ஷோ. இப்போ ஃபாலோயர்ஸ் மொதல்ல வந்து ஷோ அப்புறம் தேடுற பசங்க நிறைய பேரை பாக்குறேன், பத்து லட்சம் ஃபாலோயர்ஸ் இருக்கும், ஸ்டேஜ்ல ஏத்தி விட்டா பன்னெண்டாவது நிமிஷத்துல சரக்கு தீந்து போய் 'எல்லாரும் ஜாலியா இருக்கீங்களா'ன்னு கேட்டுகிட்டு நிப்பாங்க. உங்களுக்கு இல்லாதது அவங்ககிட்ட இருக்கு, அதை ஒரு வருஷத்துல சேத்துடலாம். அவங்களுக்கு இல்லாதது உங்ககிட்ட இருக்கு, அதுக்கு 11 வருஷம் ஆகும்.

அதுக்காக யூட்யூப்ல முழு ஷோவையும் தூக்கி போட்டுடாதீங்க. ஒரே ஒரு ஐட்டம், ஆறு ஏழு நிமிஷம், முழுசா, நல்ல லைட்ல, ரெண்டு கேமரால, ஒரே ஓட்டத்துல. ரீலை பாத்துட்டு தேடி வர்றவன் இவன் நிஜமாவே ஸ்டேஜ் ஆள் தான்னு தெரிஞ்சுக்க அது போதும்.

ஆர்கனைசருங்க ஃபாலோயர்ஸ் கேக்கறாங்கன்னா அவங்களுக்கு உங்க ஃபாலோயர்ஸ் மேல ஆசை இல்ல, ஹால் காலியா போயிடுமோன்னு பயம். அந்த பயத்துக்கு பதில் குடுங்க. ஒரு 90 செகண்ட் ஷோரீல், அதுல பாதிக்கு மேல நிறைஞ்ச ஹாலும் சிரிக்கிற முகங்களும். கடைசி மூணு நாலு ஷோல எத்தனை டிக்கெட் வித்துச்சுன்னு உண்மையான கணக்கு, பாதி காலியா போனதையும் மறைக்காதீங்க, அடுத்தது எப்படி நிறைஞ்சுதுன்னு சொல்லத்தான் போறீங்க. இன்ஸ்டாகிராம் இன்சைட்ஸ்ல உங்க ஃபாலோயர்ஸ் எந்தெந்த ஊர்ல இருக்காங்கன்னு காட்டும், அதோட உங்க லிஸ்ட்ல அந்த ஊர்ல எத்தனை பேர் பதிஞ்சிருக்காங்கங்கறதை சேத்து அனுப்புங்க. 'உங்க ஊர்ல வந்தா சொல்லுங்கன்னு 140 பேர் கேட்டு வச்சிருக்காங்க'ன்னு ஒருத்தன் சொன்னா நான் ஆர்கனைசரா இருந்தா அங்கயே தேதி குடுத்துடுவேன்.

இப்ப ஏஜென்சி கதைக்கு வருவோம். அந்த ஒரு லட்சம் பேர் எந்த ஊரும் இல்லாதவங்க. இன்சைட்ஸ்ல நீங்க ஷோவே போட முடியாத நாட்டு ஊர் பேரெல்லாம் வந்து உக்காரும், விவரம் தெரிஞ்ச ஆர்கனைசர் ஸ்க்ரீன்ஷாட் கேட்டா முடிஞ்சது கதை. இன்னொண்ணு, எவ்வளவு நேரம் பாத்தாங்க, எத்தனை பேர் லைக் போட்டாங்க, எத்தனை பேர் இன்னொருத்தருக்கு அனுப்பினாங்க, இந்த மூணும் தான் முக்கியம்னு இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரில வெளிப்படையாவே சொன்னாரு. காசுக்கு வந்த ஃபாலோயர் பாக்கவும் மாட்டான், அனுப்பவும் மாட்டான், உங்க நல்ல ரீல் அந்த செத்த கூட்டத்துக்கு நடுவுல போய் விழுந்து அங்கயே கிடக்கும். அமெரிக்கால எஃப்டிசிங்கற நுகர்வோர் பாதுகாப்பு அரசு அமைப்பு 2024-ல இந்த மாதிரி போலி ஃபாலோயர்ஸ் வாங்கறதையும் விக்கறதையுமே விதி போட்டு தடுத்துடுச்சு. வேணாம் தம்பி. அந்த காசுல ஆடியன்ஸ் சத்தத்துக்கு ஒரு நல்ல மைக் வாங்குங்க.

கடைசியா தங்கச்சி விஷயம். இன்ஸ்டாகிராம் செட்டிங்ஸ்ல ஹிட்டன் வேர்ட்ஸ்னு ஒண்ணு இருக்கு, அசிங்கமா வர்ற வார்த்தைங்களை, தமிழ்லயும் இங்கிலீஷ் எழுத்துல அடிக்கிற தமிழ்லயும், எல்லா ஸ்பெல்லிங்லயும் அதுல போட்டு வைங்க, அந்த கமெண்ட் எல்லாம் தானா மறைஞ்சுடும். மீதி வர்றவனை ப்ளாக் பண்ணுங்க, வாதாடாதீங்க. அந்த வேலையை அவங்க பண்ண வேணாம், நீங்களோ நம்பிக்கையான இன்னொருத்தரோ பண்ணுங்க, தன்னை பத்தின குப்பையை தானே உக்காந்து கூட்டுற நிலைமை அவங்களுக்கு வரக்கூடாது. ஆனா வீடியோல காட்டாம விடலாமாங்கற கேள்வியை நீங்க என்கிட்ட கேட்டிருக்கக் கூடாது. பெட்டிக்குள்ள ஒடம்பை மடிச்சு வைக்கிறது அவங்க, அந்த நாலு ஐட்டத்துலயும் பாதி வேலை அவங்களோடது தான்னு உங்களுக்கே தெரியும், ஆனா உங்க ரீல் எதுலயும் அவங்க பேர் டேக் ஆகுதான்னு எனக்கு சந்தேகமா இருக்கு. வீடியோல இருக்கறதா வேணாமா, இருந்தா எந்த க்ளிப், எந்த ஆங்கிள், பேர் போடறதா, வர்ற வருமானத்துல பங்கு எவ்வளவு, இதெல்லாம் அவங்க உக்காந்து உங்களோட பேசி முடிவு பண்ண வேண்டியது. இவ்வளவு பெரிய லெட்டர்ல அவங்க என்ன சொல்றாங்கன்னு ஒரு வரி கூட இல்லையே தம்பி, கேட்டீங்களா?